மாமன் மடி

மகனே,

நீ இதை வாசிக்கும்போது உன் தலையில் எவ்வளவு முடி இருக்கும் என்று தெரியவில்லை. உன் தாத்தாவுக்கு இளவயதிலேயே நெற்றி ஏறிவிட்டதாம். உன் அப்பாவும் இப்போதே கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று கவலைப்படுகிறார். ஆனால் ஐந்து வயது வரை உனக்கு இடுப்பைத் தொடும் முடி இருந்தது. பிறந்த முடி, கத்தரிக்கோல் படாத முடி. அதை நான்தான் காலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவேன். அது ஏன் அவ்வளவு நாள் இறக்கப்படாமல் இருந்தது, பிறகு யாருடைய மடியில் இறக்கப்பட்டது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். இப்போது நீ ஒன்றாம் வகுப்பில் அகரம் எழுதிக்கொண்டிருக்கிறாய். உன் மாமா, என் அண்ணன் சிவா, வீட்டை விட்டுப் போனபோது அவருக்கு வயது பத்தொன்பது. அந்த வயதை நீ எட்டும் நாளில் இதை உன் கையில் தருவதாக இருக்கிறேன்.

உன் அம்மா ஒரு பயந்தாங்கொள்ளி. இதை நீ அதற்குள் கண்டுபிடித்திருப்பாய். நீ கைக்குழந்தையாக இருந்தபோது தூங்கினால் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பசறை ரோட்டு வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் உன்னை இறுக்கிப் பிடித்து, நீ அழுது, பக்கத்தில் இருப்பவர்கள் என்னை முறைத்திருக்கிறார்கள். மீரியபெத்தவில் மண் சரிந்து வீடுகள் புதைந்த பிறகு, மழை விடாமல் பெய்தால் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். உன் துணியைப் பையில் அடுக்கிக் கதவோரம் வைத்துவிடுவேன். “இந்த வீட்டுல மழை வர முந்தி பேக் வந்துரும்” என்று உன் அப்பா சிரிப்பார். படித்த பெண், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், இப்படியா என்று நீ கேட்கலாம். வீட்டை விட்டுப் போன ஒருவர் திரும்பி வராமலே போக முடியும் என்பதைச் சின்ன வயதில் பார்த்துவிட்டேன். படிப்பு அதை அழிக்கவில்லை.

எங்கள் அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அப்பா தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டப் போய்விடுவார். என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பியது உன் மாமாதான். அவருக்கு ரெட்டைப் பின்னல் போடத் தெரியும். லயத்து வரிசை வீடுகளில் மற்ற பையன்கள் கேலி செய்வார்கள். “அண்ணே, எனக்கும் ஒரு சடை போட்டு விடேன்” என்று தலையை நீட்டுவார்கள். அவர் சளைக்காமல், “ஒனக்கு எதுக்குடா, முடியும் இல்ல, அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல” என்பார். இழுத்து இறுக்கிப் பின்னுவார். சாயந்தரம் வரை அவிழாது, மண்டை வலிக்கும். வலிக்கிறது என்று சொன்னால், “வலிச்சாத்தான் பாடம் நிக்கும் பாப்பா” என்பார். அவர் சொன்ன பொய்களிலேயே எனக்குப் பிடித்த பொய் அதுதான்.

அவருக்குத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாகப் பேர் பதிய விருப்பமில்லை. எங்கள் பெரியம்மா, அம்மாவின் அக்கா, நான் பிறக்கும் முன் நடந்த இனக்கலவரத்தின்போது மலையகத்தை விட்டு வடக்கே வன்னிக்குப் போய்க் கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர். அங்கே அவர் வீட்டுக்காரர் மூலமாக ஒரு பலசரக்குக் கடையில் உன் மாமாவுக்கு வேலை கிடைத்தது. “ஒரு வருசந்தான் பாப்பா, ஒன்ன டீச்சராக்கிட்டுத்தான் எனக்கு மறுவேலை” என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் பசறையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போன் பண்ணுவார், அப்பாவும் நானும் போய்ப் பேசுவோம். பிறகு வடக்குக்குப் போகும் பாதையை மூடினார்கள். சண்டை பெருத்தது. போன் நின்றது. அப்பா லொறியை அந்தக் கடை வாசலில் மெதுவாக்குவார். நானா உள்ளேயிருந்து தலையை மட்டும் ஆட்டுவார், இல்லை என்று. யுத்தம் முடிந்து நெடுநாள் கழித்தும் அப்பா லொறியை அங்கே மெதுவாக்கிக்கொண்டேதான் இருந்தார். நானாவும் ஒரு நாள்கூட, இனிமேல் வராதீங்க என்று சொல்லவில்லை.

அகதி முகாமிலிருந்து வெளியே விட்டதும் பெரியம்மா முதலில் வந்தது எங்கள் லயத்துக்குத்தான். வீட்டுக்காரரையும் இழந்து, கழுத்தில் ஒன்றுமில்லாமல், யாரோ கொடுத்த சேலையோடு வாசலில் நின்றார். “செல் விழுந்துச்சு, நம்ம சிவாவுக்கு...” என்று தொடங்கினார். அப்பா எழுந்து நின்றுவிட்டார். “நிறுத்து மதினி. பாக்காதத சொல்லாத.” பெரியம்மா, “நான் பாத்தேங்க. என் கண்ணு முன்னாலதான்” என்றார். “அப்பன்னா பொணம் எங்க?” என்று கேட்டார் அப்பா. எந்த இடம் என்று பெரியம்மாவுக்கே சொல்லத் தெரியாத இடத்தில் புதைத்துவிட்டு ஓடி வந்தவர் அவர். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெரியம்மா குடிக்கக் கொடுத்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போனார். பஸ் வரும் வரை நான் அவரோடு நின்றேன். அவர் சொல்ல வந்த மீதியை என்னிடம்தான் சொன்னார். அதை நான் அப்பாவிடம் சொல்லவேயில்லை. அன்றிலிருந்து அப்பா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் மாமாவுக்குக் கருமாதி செய்யவில்லை, படத்துக்கு மாலை போடவில்லை. என் கல்யாணத்தில், கூடப் பிறந்தவன் என் கையில் பொரி அள்ளிப் போட வேண்டிய நேரத்தில் ஐயர் சுற்றும் முற்றும் பார்த்தார். அப்பா முன்னால் வந்து தானே அள்ளிப் போட்டார். “அவன் வந்து கேட்டா, ஒனக்குப் பதிலாத்தான் போட்டேன்னு சொல்லிக்கிறேன்” என்றார். பிறகு நீ பிறந்தாய். நம் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் முடி இறக்குவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான். முதல் வயதில் கேட்டோம். “மாமன் வரட்டும்” என்றார் என் அப்பா, உன் தாத்தா. மூன்றாம் வயதில் கேட்டோம். அதே பதில். வேறு யார் மடியிலாவது உன்னை உட்கார வைத்தால் அவர் மகன் செத்துவிட்டான் என்று ஊரறியச் சொல்வதாகும். அதனால் அவர் விடவில்லை, உன் முடி வளர்ந்தது.

நீ பட்ட பாடு கொஞ்சமில்லை. பதுளைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர், “பாப்பாவ மடியில வச்சுக்குங்க அக்கா” என்பார். நீ சட்டையைத் தூக்கிக்கொண்டு, “நான் பாப்பா இல்ல” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்வாய். முன்பள்ளியில் பிள்ளைகள் உன் பின்னலைப் பிடித்து இழுத்து மாடு ஓட்டுவார்கள். ஒரு நாள் நீயே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தாய். நான் பிடுங்கியதும், “மாமா எப்பம்மா வருவாரு?” என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியும். அதைச் சொல்லாமல், கத்தரிக்கோலை அலமாரி மேல் ஏற்றி வைத்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் காலம் நெருங்கியது. ஆம்பளைப் பிள்ளை இந்தத் தலையோடு ஒன்றாம் வகுப்புக்கு வரக்கூடாது என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லிவிட்டார். உன் அத்தை, உன் அப்பாவின் அக்கா, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். “ஒண்ணுவிட்ட மாமன், ரெண்டுவிட்ட மாமன்னு எத்தன பேரு இருக்காங்க. எவன் மடியிலயாவது வச்சு எடுத்து விடுங்க. பெரியவரு மனசு நோகும் நோகும்னு இவனப் பொண்ணாவே கட்டிக் குடுத்துருவீங்க போல” என்றார். அத்தை சொன்னதில் தப்பில்லை. உன் தலையா, உன் தாத்தாவின் மனசா என்று நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பயந்தவர்கள் எப்போதும் நடுவில்தான் நிற்பார்கள் மகனே. அங்கே நின்றால் யாரையும் நோகடிக்கவில்லை என்று தோன்றும். ஆனால் அங்கே நின்றுகொண்டிருந்த காலம் முழுக்க நோகடிக்கப்பட்டது நீதான்.

அந்த மாதத்தில்தான் படம் பார்க்கப் போனோம். உன் அப்பாவுக்குப் பண்டாரவளையில் மரக்கறி மொத்தக் கடையில் வேலை. ஞாயிறு லீவு. பதுளைத் தியேட்டர் வாசலில் ஒரு சிங்களப் படத்தின் போஸ்டர் பார்த்திருக்கிறார். பழைய பஸ் ஒன்று, ஸ்டியரிங் பிடித்த வயதானவர். “பஸ் படம் மாமா, ஒங்களுக்குப் புடிக்கும்” என்று தாத்தாவைக் கூட்டி வந்தார். கதை என்ன என்று எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டோம். உள்ளே போய் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கதை புரிந்துவிட்டது. தெற்கே கடலோர ஊர் ஒன்றில் ஒரு பஸ் டிரைவர். ஒரே மகன், பட்டாளத்துக்குப் போய் யுத்தத்தில் இறந்துவிட்டான். பள்ளிக்கூட நாட்களில் அந்தப் பையன் வீட்டு வாசலில் இருக்கும் நிறுத்தத்தில் ஏறி, அப்பாவுக்குப் பின்னாலுள்ள சீட்டில் உட்கார்ந்து போவான். அவன் செத்த பிறகும் அப்பா தினமும் காலையில் அங்கே பஸ்ஸை நிறுத்துகிறார். ஏற யாருமில்லை. இறங்கவும் யாருமில்லை. பஸ் நிற்கிறது. ஆட்கள் முணுமுணுக்கிறார்கள், ஒருவன் தகரத்தில் தட்டுகிறான். கண்டக்டர் மட்டும் பஸ்ஸை எடுக்கச் சொல்லும் மணியை அடிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான். டிரைவர் தானாக எடுக்கட்டும் என்று.

உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எழுந்து போய்விடலாமா என்று சைகை செய்தார். ஆனால் தாத்தா திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. “இவனுக்கு கியர் போடவே தெரியல” என்றார் தாத்தா, மெதுவாக. “இந்த வளைவுல மூணுல போனா பஸ்ஸு கடல்லதான் கெடக்கும். நம்ம பசறை ரோட்டுல விட்டா இவனுக்குப் படமே ஓடாது.” நான் நிம்மதியாகச் சிரித்தேன். கியரைத்தான் பார்க்கிறார், கதையைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். தாத்தாவுக்கு மறுபக்கம் அவர் வயதுடைய சிங்களவர் ஒருவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாத்தா தன் கடலைச் சுருளை அவர் பக்கம் நீட்டினார். அவர் இரண்டு கடலை எடுத்துக்கொண்டு, தன் தம்பி மகனும் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கில் இறந்தவன் என்றார். இருவரும் சிங்களத்தில்தான் பேசினார்கள். நீ என் மடியில் உன் பின்னல் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாய். தாத்தா சொன்னார், “என் மகனும் செத்துட்டான். அதே சண்டையிலதான்.” அந்த மனிதர், “ஆமியிலயா?” என்று கேட்டார். “இல்ல. கடையில வேலை செஞ்சான். சாமான் நிறுத்துக் குடுக்குற வேலை.” அந்த மனிதர் தாத்தாவின் முழங்கால் மேல் கையை வைத்தார். விளக்கு அணையும் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. எங்கள் யாரிடமும், எங்கள் பாஷையில், இத்தனை காலம் சொல்லாததை என் அப்பா முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. மீதிப் படம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முடிவு மட்டும் நினைவிருக்கிறது. ஒரு காலையில் அந்த நிறுத்தத்தில் பையனின் அம்மா நிற்கிறாள். ஏறி, மகனின் சீட்டில் உட்காருகிறாள். டிரைவர் திரும்பிப் பார்க்கிறார். கண்டக்டர் மணி அடிக்கிறான். பஸ் போகிறது.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் தாத்தா ஜன்னலோரம், நான் பக்கத்தில், நீ என் தோளில் தூக்கம். தேயிலைச் சரிவில் மஞ்சள் வெயில் இருந்தது. “அந்தக் கண்டக்டர் பய நல்ல பய” என்றார் தாத்தா. “எவ்ளோ நாள் மணி அடிக்காம பொறுத்துக்கிட்டான்.”

“ஆமாப்பா.”

“ஆனா பொறுத்தது அவனுக்கும் தப்புதான். சனம் வேலைக்குப் போகணும்ல. பள்ளிக்கூடத்துப் புள்ளைக இருக்கும்ல.” உன் முடியை என் தோளிலிருந்து ஒதுக்கிவிட்டார். “நீயும் மணி அடிக்கலையே பாப்பா.”

நான் வெளியே பார்த்தேன். “ஒங்களுக்கு நோகும்னுதாம்பா.”

“நோகத்தான் செய்யும். அதுக்கு?” என்றார். பஸ் இன்னும் இரண்டு வளைவு திரும்பியது. “அந்தப் பொம்பள ஏறி உக்காந்துச்சு பாத்தியா. மகன் சீட்டுதான். அத வேற யாருக்குக் குடுப்பாங்க? பெத்தவ உக்காந்தா சரிதான்.” அதன் பிறகு, “மதினிக்குப் போன் போடு. வரச் சொல்லு. மீதியச் சொல்லாமப் போனுச்சு” என்றார்.

பெரியம்மா வந்தார். தாத்தா பஸ் நிறுத்தத்துக்கே போய்ப் பையை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் தேத்தண்ணி கொடுத்தேன். இந்த முறை பெரியம்மா குடித்தார். தாத்தா எதிரில் உட்கார்ந்து, “சொல்லுங்க மதினி. நான் எந்திரிக்க மாட்டேன்” என்றார். பெரியம்மா சொன்னார். பங்கருக்குள் எல்லோரும் நெருக்கிக்கொண்டு இருந்தது. சிவா பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்க வெளியே போனது. செல் பட்டவனை இழுத்து வந்து, படுக்க வைக்க இடமில்லாமல் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டது. “பாப்பா டீச்சராயிட்டாளான்னு கேட்டான் மச்சான். ஆயிட்டாடான்னு சொன்னேன். பொய்தான். அவ அப்ப எட்டாவதுதான் படிச்சுக்கிட்டிருந்தா.” விடியும் வரை அந்த மடியிலேயே இருந்திருக்கிறான். பிறகு பெரியம்மாவின் சேலையைச் சுற்றிப் புதைத்திருக்கிறார்கள். தாத்தா எழுந்திருக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “தனியா இல்லல்ல?” “இல்ல மச்சான்.” அப்புறம் அழுதார். நீ ஓடி வந்து அவர் முதுகில் ஏறிக்கொண்டாய், விளையாட்டு என்று நினைத்து. அவர் உன்னை இறக்கவில்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முடி இறக்க நாள் குறித்தோம். அன்று காலையில் மனைக்கட்டை போட்டு, முடி எடுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு, “மாமன் யாருங்க, வந்து உக்காருங்க” என்றார். என் ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தாத்தா அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். கூட்டத்துக்குப் பின்னால், தூணோரமாக, ஒதுங்கி நின்ற பெரியம்மாவைப் பார்த்து, “மதினி, நீங்க வாங்க” என்றார்.

பெரியம்மா திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். “நானா? என்ன மச்சான் இது, நான் பொம்பள. அதுவும் தாலி இல்லாதவ. புள்ளைக்கு ஆகாது.”

உன் அத்தையும், “பெரியவரே, சடங்குன்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார்.

“சடங்குப்படித்தான் செய்யிறேன்” என்றார் தாத்தா. “மாமன் மடி வேணும். மாமன் இல்ல. மாமன் கடைசியாத் தலை வச்ச மடி இருக்கு. அதுக்கு மேல எந்த மடி ஒசத்தின்னு சொல்லுங்க, அதுல வப்போம்.”

அத்தையே போய்ப் பெரியம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து மனையில் உட்கார வைத்தார். உன்னைத் தூக்கி அந்த மடியில் நான்தான் வைத்தேன். நீ, “வலிக்குமா?” என்று கேட்டாய். “முடிக்கு வலிக்காது. காதுக்குக் கொஞ்சம் வலிக்கும்” என்றார் பெரியம்மா. அவர் பொய் சொல்லவில்லை. முடி கொத்துக் கொத்தாக அவர் சேலை மேல் விழுந்தது. யாரோ தட்டிவிட வந்தார்கள். வேண்டாம் என்று கையால் மறித்தார். உன் மொட்டைத் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் உன் கண்ணில் தண்ணீர் படாமல் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளுக்கு ஒரு தலையைத் தாங்கத் தெரிந்திருந்தது. அடுத்த வாரமே மாமாவுக்குக் கருமாதி செய்தோம். படத்துக்கு மாலையை நான் போட்டேன்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். யாராவது உன் வாசலில் வந்து ஒரு கெட்ட செய்தியைச் சொல்லத் தொடங்கினால், முடிக்கும் வரை கேள். கேட்காமல் விட்டால் செய்தி பொய்யாகிவிடாது. சொல்ல வந்தவர்தான் தனியாகிவிடுவார். உனக்குத் தெரிந்த ஒன்றை, நோகும் என்று பயந்து, உனக்கு வேண்டியவரிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டே இருக்காதே. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் எந்தப் பாஷைக்காரராக இருந்தாலும் கடலையை நீட்டு.

பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள், வேன் நம் வீட்டு வளைவில் வந்து நின்றது. நீ மொட்டைத் தலையில் அரும்பிய முடியோடும், காதில் புண் ஆறாத சின்னத் தோடோடும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாய். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்ப் போத்தல் இருக்கா, கையை வெளியே நீட்டாதே, டிரைவர் அண்ணே வளைவுல மெதுவா போங்க என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். டிரைவர் இன்ஜினை அணைக்காமல் பொறுத்துக்கொண்டிருந்தார். மற்றப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் வந்து நின்ற தாத்தா, “தட்டு பாப்பா. புள்ளைகளுக்கு நேரமாகுது” என்றார். நான் கதவைச் சாத்தி, வேன் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். வேன் போய்விட்டது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதை வாசித்து முடிக்கும்போது நீயும் எங்கேயோ போகக் கிளம்பியிருப்பாய். கொழும்போ, கிளிநொச்சியோ, கடல் தாண்டியோ எனக்குத் தெரியாது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நேரம் நிற்பேன். சொன்னதையே சொல்வேன். பொறுத்துக்கொள். எப்படியும் தட்டிவிடுவேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் மட்டும் பண்ணு.

உன் பயந்தாங்கொள்ளி,
அம்மா